படலையை முந்திய தீர்மானம்

எங்கள் கம்பனியின் இயக்குநர் சபையில் "இல்லை" என்ற சொல்லை நான் கேட்டதே கிடையாது. எதைக் கொண்டுபோய் வைத்தாலும் "ஓம், ஓம், நல்ல விசயம்" என்பார்கள். ஆகா, என்ன ஒற்றுமையான சபை என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு யாழ்ப்பாணத்தைத் தெரியாது.

நான் அந்தக் கம்பனியின் செயலாளர். சுன்னாகம் சந்தையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், வெங்காயத்தைக் காயவைத்து, மிளகாயை அரைத்து, கறித்தூளும் முருங்கையிலைத் தூளும் பக்கற்றில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பனி. கீழே தொழிற்சாலை, மேலே கூட்டம் கூடுகிற கந்தோர். கூட்டத்துக்கு அறிவித்தல் அனுப்புவது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் வந்ததா என்று பார்ப்பது, கதைத்ததை எழுதுவது, எழுதியதில் ஒப்பம் வாங்குவது எல்லாம் என்னுடைய வேலை. வாயை மூடிக்கொண்டு இருப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதிதான். அதுதான் எனக்கு வராது.

சபையில் நாலு பேர். சேர்மன் ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். வெள்ளைச் சேட்டுக்குக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருப்பார், ஊரே அவரை ஐயா என்றுதான் கூப்பிடும். அடுத்தவர் உடுவிலில் பெரிய வெங்காயத் தோட்டம் செய்கிற அண்ணை. மூன்றாமவர் ரொறன்ரோவில் கடை வைத்திருப்பவர். அங்கே பனி கொட்டத் தொடங்கினால் இங்கே வந்து நிற்பார். நாலாமவர் லண்டனிலிருந்து திரும்பி வந்து இங்கேயே இருந்த ஒரு பெரியவர்.

இந்த நாலு பேரும் மேலே மேசையைச் சுற்றி இருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் முறிக்கமாட்டார்கள். அதுவும் ஐயா ஒன்றைச் சொல்லி, அதற்கு எதிராக ஒருவர் வாய் திறப்பதா? கடவுளே! எல்லாவற்றுக்கும் ஓம். பிறகு கூட்டம் முடியும். "அப்ப வாறன்" என்று எழும்புவார்கள். படியால் இறங்கி, செருப்பைக் கொழுவிக்கொண்டு, கம்பனியின் பெரிய இரும்புக் கதவடிக்கு வருவார்கள். அது சில்லுப் பூட்டி இழுக்கிற கதவு. ஆனாலும் எங்களுக்கு அது வீட்டு வேலி வாசலில் இருக்கிற படலைதான். அங்கே நின்றுதான் உண்மையான கூட்டம் தொடங்கும்.

இது எங்கள் ஊர்ப் பழக்கம். ஒரு வீட்டுக்குப் போனால் உள்ளே இருந்து கதைப்பது மழை, பிள்ளைகளின் படிப்பு, முழங்கால் நோ. காணிச் சிக்கல், கலியாணப் பேச்சு, ஆரை ஆருக்குப் பிடிக்கவில்லை என்ற விசயம் எல்லாம் எழும்பிப் போகும்போது படலையடியில்தான் வெளியே வரும். ஒரு கால் வளவுக்குள், ஒரு கால் வீதியில். அங்கே சொன்னால் சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். எங்கள் இயக்குநர்மாரும் அப்படித்தான். மேலே ஓம் சொன்னவர் கீழே தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, அது வந்து, கொஞ்சம் யோசிச்சுச் செய்வம் என்ன" என்பார். ஐயாவும் "நானும் அதைத்தான் நினைச்சனான்" என்பார். விசயம் முடிந்தது. மேலே எடுத்த தீர்மானம் கீழே செத்துப்போகும். நானும் இதைப் பழகிவிட்டேன். படலையடிக் கதை முடிந்து கார் புறப்பட்ட பிறகுதான் கூட்டக் குறிப்பை எழுத உட்காருவேன்.

இந்தப் படலையில் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்த ஒரு விசயம் இருந்தது. அதற்காகத்தான் எனக்கு விசர் பிடித்தது.

கீழே பக்கிங் பகுதியில் முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிறார்கள். ஒரு வெங்காயச் சீசனில், வேலை தொடங்கும் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவதென்று மேலே முடிவாகியது. படலையும் அதைக் கொல்லவில்லை. சுவரில் ஒரு கடதாசி ஒட்டினோம். அடுத்த நாள் வட்டுக்கோட்டையிலிருந்து வருகிற ஒரு பெண் நேரே படியேறி என்னிடம் வந்தாள். தூள் படாமல் கட்டின தலைத்துணியைக்கூட அவள் அவிழ்க்கவில்லை.

"அக்கா, அந்த நேரத்துக்கு எங்கடை பக்கம் பஸ் ஓடுதோ எண்டு மேலை ஆரும் யோசிச்சவையே?"

"இல்லைத்தான்."

"ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லையே. கேட்டா வாய் நொந்து போகுமே உங்களுக்கு?"

எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோசம் வந்தது. ஏனென்றால் நானும் அதே வாய்தான். அன்றைக்கே எனக்குத் தோன்றியது, கீழே இருந்து ஒருவர் மேலே வந்து இருக்கவேண்டும். சாட்சிக்கு அல்ல, இயக்குநராக. பக்கிங் பெண்கள் தங்களுக்குள் ஒருவரைத் தெரிவு செய்து அனுப்பவேண்டும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதைப் போட்டேன். நாலு பேரும் "ஓம், நல்ல விசயம், கட்டாயம் செய்யவேணும்" என்றார்கள். சந்தோசப் புழுகத்தில் ஓடிப்போய் அவளிடம் சொல்லியும் விட்டேன். படலையடியில் அது செத்தது. அதற்கடுத்த கூட்டத்திலும் போட்டேன். மறுபடியும் ஓம், மறுபடியும் படலை. அவள் என்னைக் கண்டால் "என்ன அக்கா, என்ரை கதிரை வந்திட்டுதே?" என்று நக்கலடிக்கத் தொடங்கினாள். அவளுடைய நக்கல் எனக்குச் சுள்ளென்று குத்தும்.

பிறகு காலம் மாறியது. லண்டன் பெரியவர் போய்ச் சேர்ந்தார். அவருடைய பங்கும் இடமும் மகளுக்கு வந்தன. அவள் லண்டனில் கணக்காளர், தமிழ் நன்றாகக் கதைப்பாள், என்னை அன்ரி என்பாள். ரொறன்ரோக்காரருக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்து அவர் இங்கே வருவது நின்றுபோனது. கூட்டம் திரைக்குப் போனது. சுவரில் பெரிய தொலைக்காட்சி, அதற்குள் இரண்டு பேர். மேசையில் இரண்டு பேரும் நானும். எப்போது கூட்டம் வைப்பது என்பதே ஒரு பெரிய கூத்து. ஐயா ராகுகாலம் பார்ப்பார். சுன்னாகத்தின் ராகுகாலத்தை விலக்கினால் ரொறன்ரோவின் ராகுகாலம் குறுக்கே வரும். "உங்கடை ராகுவோ எங்கடை ராகுவோ எண்டு முதல்லை முடிவெடுங்கோ" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். கடைசியில் இங்கே பின்னேரம் நாலரை, லண்டனில் மதியத்துக்குக் கிட்ட, ரொறன்ரோவில் விடியக் காலமை என்று சரிப்பண்ணினோம். ரொறன்ரோக்காரர் கம்பளித் தொப்பியோடு, கொட்டாவி விட்டபடி திரையில் வருவார்.

படலை என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? அது அசையவில்லை. கூட்டம் முடிந்ததும் ஐயாவும் தோட்டக்கார அண்ணையும் வழக்கம்போல இறங்கிப் போவார்கள். படலையடியில் நின்று வாட்ஸ்அப்பில் மற்ற இரண்டு பேரையும் எடுப்பார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் எங்கள் இரும்புக் கதவில் வந்து சாய்ந்து நின்று கதைக்கிற மாதிரி இருக்கும்.

போன வருடம் லண்டன் பிள்ளை ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தாள். அது கூட்டத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்கும், எழுதும், பழைய தீர்மானங்களை ஒப்பிட்டுச் சொல்லும், வாக்கெடுக்கும், கூட்டம் முடிந்த கையோடு தீர்மானத்தை உரியவர்களுக்கு அனுப்பும். அது தமிழும் கதைத்தது. வானொலியில் செய்தி வாசிப்பவரின் தமிழ். "தங்கள் கருத்தைத் தெரிவிக்க விரும்புகிறீர்களா?" என்று கேட்கும். ரொறன்ரோக்காரர் அதற்கு "கண்டறியாத மெசின்" என்று பெயர் வைத்தார். மற்றவர்களுக்கு அது "உது". "உது என்ன சொல்லுது?" என்று ஐயா கேட்பார்.

எனக்கு முதலில் பயம்தான், பொய் சொல்லமாட்டேன். குறிப்பு எழுதுவது என் வேலை அல்லவா? ஆனால் ஒரு வாரம் அதோடு இருந்து பழகியபோது பயம் போய் ஆசை வந்துவிட்டது. மூன்று மணித்தியாலம் நான் மண்டை காய எழுதுவதை அது ஒரு மூச்சில் எழுதியது. யார் எவ்வளவு நேரம் கதைத்தார்கள் என்றுகூடச் சொன்னது. ஐயாதான் பெரும்பங்கு, வேறு யார்! அட, இதை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உது முழுதாக வேலை செய்த முதல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பக்கிங் கதிரையை மறுபடியும் போட்டேன். தொடங்கமுன் ஐயாவிடம் வடிவாகச் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது களவு.

"ஐயா, கூட்டம் முடிஞ்ச உடனை தீர்மானம் எல்லாருக்கும் போயிடும். பேந்து மாத்திறதெண்டா இன்னொரு கூட்டம் வைக்கவேணும்."

"ஓம், ஓம், நல்ல விசயம்," என்றார் ஐயா.

பாருங்கள், அதற்கும் ஓம்தான்.

கதிரை விசயம் வந்தது. உது ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேட்டது. அண்ணை "ஓம்" என்றார். ரொறன்ரோ கொட்டாவியோடு "ஓம் ஓம்" என்றது. லண்டன் "ஓம்" என்றது. ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு "சரி, ஓம்" என்றார். "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது" என்று உது அறிவித்தது. நான் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு கோப்புகளை அடுக்கினேன். கூட்டம் முடிந்தது. திரை அணைந்தது. ஐயாவும் அண்ணையும் எழும்பினார்கள்.

அவர்கள் படியில் பாதி இறங்கியிருக்கமாட்டார்கள், கீழே ஒரு சத்தம் கேட்டது. நான் முதலில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடினேன். விழவில்லை. பக்கிங் பெண்கள் எல்லோரும் தீர்மானம் வந்து விழுந்த ஃபோனைக் கையில் தூக்கிப் பிடித்தபடி கத்துகிறார்கள், கை தட்டுகிறார்கள். ஒருத்தி மற்றவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றுகிறாள். தலைத்துணிகள் அவிழ்ந்து பறக்கின்றன. அன்று வெள்ளைப் பூடு அரைத்திருந்தார்கள், அந்த மணத்துக்குள் ஒரே கொண்டாட்டம். "நன்றி ஐயா! நன்றி அண்ணை!" என்று படியடியிலேயே மறித்துக்கொண்டார்கள்.

ஐயா ஒரு செருப்பைக் கொழுவியபடி, மற்றக் காலைத் தூக்கியபடி விறைத்துப்போய் நின்றார். அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இரண்டு பேரும் படலை வரைக்கும் போனார்கள். ஐயாவின் கை கதவைப் பிடித்தது, ஆனால் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. என்னத்தைக் கதைப்பது? முப்பது சோடிக் கண்கள் சிரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கின்றன. கார் புறப்பட்டது. எனக்கு நினைவு தெரிந்து அந்தப் படலையடியில் ஒரு கதையும் நடக்காமல் முடிந்த முதல் கூட்டம் அதுதான்.

வீட்டுக்குப் போய் முகம் கழுவமுன் ஃபோன் அடித்தது. ஐயா.

"பிள்ளை, உதை ஒருக்கால் நிப்பாட்டேலாதே?"

"போனது போனதுதான் ஐயா. நான் முன்னமே சொன்னனான்."

"சொன்னீர்தான். நான் அண்ணை ஏதும் மறுத்துச் சொல்லுவார் எண்டு பாத்தனான்."

பிறகு அண்ணை எடுத்தார். "என்ன தங்கச்சி இது? நான் ஐயா படலையடியிலை சொல்லுவார் எண்டெல்லே இருந்தனான்!"

பிறகு ரொறன்ரோ. "எனக்கு அந்தக் கதிரை சரிவராது எண்டு தெரியும். ஆனா விடியக் காலமையிலை நான் ஏன் கெட்ட பேர் எடுக்க? மற்ற ஆக்கள் பாப்பினம் எண்டு விட்டன்."

கடைசியில் லண்டன் பிள்ளை. "அன்ரி, எனக்கு உண்மையிலை விருப்பம். ஆனா பெரியாக்கள் கடைசியிலை வேண்டாம் எண்டுதானே சொல்லுவினம், அதாலை பேசாமல் இருந்திட்டன்."

நான் ஃபோனை வைத்துவிட்டு, தனியே நின்று, விழுந்து விழுந்து சிரித்தேன். வேண்டாம் என்று நினைத்தவர்களும் ஓம், வேண்டும் என்று நினைத்தவளும் ஓம். அத்தனை பேரும் இன்னொருவரின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். உது அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டது. எங்கள் ஊரில் அப்படி யாரும் எடுப்பதில்லை.

பக்கிங் பகுதியில் அந்தக் கிழமையே தெரிவு நடந்தது. வேறு யார், வட்டுக்கோட்டைக்காரிதான். போட்டிக்கு ஒருத்தியும் நிற்கவில்லை. "நீதானே வாய்க்காரி, நீ போ" என்று தள்ளிவிட்டார்கள்.

ஆனால் விசயம் அதோடு முடியவில்லை. ஐயா அடுத்த கூட்டத்தின் நிரலில் ஒரு வரி போடச் சொன்னார்: "சபையின் அமைப்பை மீளாய்வு செய்தல்." அந்த வரிக்கு என்ன பொருள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அவளும் இப்போது இயக்குநர். ஆகவே அவளுடைய கதிரையைப் பறிக்கப்போகிற கூட்டத்துக்கு அவளுக்கே அறிவித்தல் போயிற்று. உது அனுப்பிவிட்டது. அறிவித்தலைக் கண்ட கையோடு படியேறி வந்தாள்.

"அக்கா, அவை என்னை எழுப்பிவிடப் பாக்கினம், என்ன?"

"பாக்கினம்."

"எழுப்பிவிட்டா நான் கீழை திரும்பிப் போகமாட்டன். வீட்டைதான் போவன். ஊரெல்லாம் டிரெக்டர் எண்டு சொல்லிப்போட்டு, பேந்து என்ன முகத்தோடை பக்கற் ஒட்டுறது? மனுசனுக்கும் சொல்லிப்போட்டன்."

அவளுடைய வீடு அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அதை அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவசரப்பட்டுத் துள்ளியது நான். வேலை போகப்போவது அவளுக்கு.

அன்று பின்னேரம் ஸ்கூட்டியில் உடுவில் பக்கம் திரும்பும்போது தோட்டங்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டேன். பயமும் புழுகமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் என்னால் வண்டி ஓட்ட முடியாது. இயக்குநர் சபை என்ற ஒன்று இனி எப்படி இருக்கப்போகிறது என்று அப்போதுதான் முதன்முதலாக வடிவாக யோசித்தேன். மேசை தேவையில்லாமல் போகும். ஒருவர் வட்டுக்கோட்டையில் இருந்து வருவார், ஒருவர் பனிக்குள் இருந்து வருவார். எழுதுவதை மெசின் எழுதும். கணக்கை அது பார்க்கும், பழைய பிழையை அது ஞாபகப்படுத்தும். கீழே வேலை செய்கிறவர் மேலே இருப்பார். வெங்காயம் தருகிற சின்னத் தோட்டக்காரருக்கு ஒரு கதிரை வரும். யார் கண்டது, நாங்கள் எல்லோரும் இறைத்து இறைத்து உப்பாக்குகிற கிணற்றுத் தண்ணிக்காகக் கதைக்கவும் ஒருவரை இருத்தவேண்டி வரலாம். இதையெல்லாம் நான் என் கண்ணால் பார்ப்பேனோ என்று நினைக்கையில் மயிர் கூச்செறிந்தது. எல்லாம் வரும். ஆனால் மெசினால் ஒன்று மட்டும் முடியாது. ஒருவர் முகத்தைப் பார்த்து மனதில் உள்ளதைச் சொல்வதை அது எங்களுக்காகச் செய்து தராது. அதை நாங்கள்தான் செய்யவேண்டும். ஐயோ, அதுதானே எங்களுக்கு வராத வேலை!

கூட்ட நாள் வந்தது. அவள் அரக்கு நிறச் சேலை உடுத்து, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து வந்திருந்தாள். உது வரவு பார்க்க அவள் பேரைக் கூப்பிட்டதும், பள்ளிக்கூடத்தில் போல எழும்பி நின்று "வந்திருக்கிறன்" என்றாள். ரொறன்ரோக்காரருக்குக் கொட்டாவி பாதியில் நின்றது. நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

முதல் விசயம் ஐயா கொண்டுவந்தது. வருடக் கடைசி ஓடருக்காக இராவிலும் ஒரு வேலைமுறை ஓட்டுவது. ஐயா நீளமாக விளக்கினார். உது வாக்குக் கேட்டது. அண்ணை ஓம். ரொறன்ரோ ஓம். லண்டன் ஓம். அவளுடைய முறை வந்தது.

அவள் மேசையை ஒருமுறை பார்த்தாள். "எனக்கு ஓம் எண்டு சொல்லேலாது," என்றாள்.



"இராவிலை வேலை முடிஞ்சு எங்கடை பிள்ளையள் எப்பிடி வீட்டை போறது? மிளகாய் அரைச்சா பக்கத்து வீட்டுக்காரர் படுக்கிறேல்லையே? எனக்கு விருப்பமில்லை. அதுதான் சொல்லுறன்."

ஐயாவின் முகம் சிவந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது அண்ணை தொண்டையைச் செருமினார். "உண்மையைச் சொன்னா ஐயா, எனக்கும் பெரிய விருப்பமில்லை."

"எனக்கும்தான்," என்றாள் லண்டன் பிள்ளை.

"அப்ப ஏன் ஓம் எண்டனீங்கள்?" என்று ஐயா கேட்டார்.

"நீங்கள் ஆசைப்படுறியள் எண்டுதான்," என்றார் ரொறன்ரோக்காரர்.

"நான் எங்கை ஆசைப்பட்டனான்? ரொறன்ரோ ஆக்களுக்குச் சரக்குக் கெதியா வேணுமெண்டு நினைச்செல்லே கொண்டந்தனான்!"

"நான் எங்கை ஐயா கேட்டனான்? எனக்குத் தைக்குப் பிறகு வந்தாலும் காணும்!"

பிறகு அண்ணை வெடித்துச் சிரித்தார். அது தொற்றிக்கொண்டது. ரொறன்ரோவில் தொப்பி கழன்றது, லண்டன் பிள்ளை கண்ணைத் துடைத்தாள். ஒருவருக்கும் வேண்டாத ஒன்றை எல்லோருமாகச் சேர்ந்து இன்னும் ஒரு நிமிடத்தில் நிறைவேற்றியிருப்போம்! "வாக்கை மாற்ற விரும்புகிறீர்களா?" என்று உது பவ்வியமாகக் கேட்டது. மாற்றினார்கள். இராவேலை விழுந்தது.

ஐயா மட்டும் சிரிக்கவில்லை. கடைசி விசயம் வந்தது. சபையின் அமைப்பை மீளாய்வு செய்தல். உது அதை வாசித்துவிட்டு, யார் முன்மொழிகிறார் என்று கேட்டது. அவள் மடிக்குள் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

ஐயா கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அதை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"நான்தான் முன்மொழியிறன். பிள்ளை, உம்மடை முகத்துக்கு நேரை சொல்லுறன். இந்தக் கதிரை இப்ப வேண்டாம் எண்டுதான் நான் நினைக்கிறன். கீழை ஒரு கதை, மேலை ஒரு கதை எண்டு குழப்பம் வரும். உம்மிலை ஒரு கோவமும் இல்லை. ஆனா இது என்ரை மனதிலை கிடக்குது, சொல்லாமல் விட்டா அது பிழை."

அவள் அவரை நேரே பார்த்தாள். "சரி ஐயா. எனக்கு வேணும். எழுப்பிவிட்டா நான் வேலையையும் விட்டிட்டுத்தான் போவன். அதுவும் என்ரை மனதிலை கிடக்குது."

அவளுடைய விசயம் என்பதால் அவளுக்கு வாக்கு இல்லை. உது மற்றவர்களைக் கேட்டது. அண்ணை ஐயாவைப் பார்த்தே சொன்னார். "ஐயா, கோவியாதையுங்கோ. நான் உங்களுக்கு எதிர். உவ இருக்கட்டும்."

"நானும் எதிர். இருக்கட்டும்," என்றாள் லண்டன் பிள்ளை.

ரொறன்ரோக்காரர் தொப்பியைத் திரும்ப எடுத்து மாட்டினார். "இவ்வளவு காலமும் நான் பாதி நித்திரையிலைதான் இந்தக் கூட்டத்துக்கு வந்தனான். இண்டைக்குத்தான் முழிச்சிருந்தனான். உவ இருக்கட்டும் ஐயா."

"முன்மொழிவு தோல்வியடைந்தது. ஆதரவு ஒன்று, எதிர்ப்பு மூன்று," என்று உது அறிவித்தது. அந்த மேசையில் ஐயா தோற்றதை நாங்கள் யாரும் அதுவரை கண்டதில்லை. வாழ்க்கையிலேயே அவர் முகம் முறியக் கதைத்த முதல் நாளும் அதுதான், தோற்ற முதல் நாளும் அதுதான். எல்லோரும் அவரையே பார்த்தோம்.

ஐயா கதிரையில் சாய்ந்து, நெஞ்சில் கிடந்த ஏதோ இறங்கின மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

அவள் என் பக்கம் குனிந்தாள். "அக்கா, ஐயா வேண்டாம் எண்டு சொன்னதை உது கீழை அனுப்பப்போகுது. அதை எடுத்துவிடேலாதே? கீழை அவரைப் பிழையா நினைப்பினம்."

ஐயாவுக்கு அது கேட்டுவிட்டது.

"எடுக்கவேண்டாம்," என்றார் அவர். "அப்பிடியே போகட்டும். நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான்."